கைத்தொழிலாளர்க்குக் கைமுதல்

பிணைவைக்க நிலமோ நகையோ இல்லாதார், தொழில் வல்லாராயினும் வங்கியிற் கடன் பெறுதல் அரிது. வங்காள தேசத்துச் சிற்றகொங் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்த முகம்மது யூனுஸ், 1976ஆம் ஆண்டிலே, அயற்கிராமமாகிய ஜோப்ராவில் மூங்கில் இருக்கை முடையும் பெண்ணொருத்தியைக் கண்டார். மூங்கில் வாங்கப் பணங்கொடுத்த வணிகனுக்கே, அவன் விதித்த விலைக்கே, அவள் இருக்கைகளை விற்றல் வேண்டும். உழைப்பு அவளது, ஊதியம் அவனது. அவளையொத்த 42 பேருக்கும் வேண்டிய முதல் ஏறக்குறைய 27 டொலரே! அதனைத் தம் கைப்பணத்திலிருந்து பிணையின்றிக் கொடுத்தார். கடன் திரும்பி வந்தது. அம்முயற்சியே 1983இல் கிராமிய வங்கியாயிற்று.

ஆயினும், கொடுப்போர் தம் இலாபமே கருதின் சிறுகடனும் பெருஞ்சுமையாகும். எமது வடபுலத்திலே, போருக்குப் பின், நுண்கடன் வட்டியாற் பெண்கள் பலர் அல்லலுற்றமையை நாம் அறிவோம். ஆதலின், கடனின் சிறுமையன்று, கொடுப்பார் நோக்கின் செம்மையே ஏழையை உயர்த்துவதென்க.