உலூகமும் உக்லாவும்

புனே நகரத்துத் தக்காணக் கல்லூரியில் 1948-ஆம் ஆண்டு பண்டிதர் எஸ். எம். காத்ரே தொடங்கிய சமஸ்கிருத மகா அகராதி, சுமார் 1,500 கிரந்தங்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி சீட்டுகளைத் திரட்டி வைத்திருந்தும், 1976 முதல் பாகம் பாகமாக அச்சேறி வந்தும், அகர வரிசையின் முதலெழுத்தை இன்னும் கடக்காமையால், ரிக் வேதத்திலேயே ஆந்தையைக் குறிக்கும் ‘உலூகம்’ என்ற சொல் அங்கே தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

லத்தீன்காரர் ‘உலுலா’ என்றும், ஸ்வீடன் தேசத்தார் ‘உக்லா’ என்றும் அப்பறவையை அழைப்பதைக் கேட்கையில் எல்லாம் ஒரே குலம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மொழிநூலார் இங்கே தயங்குகின்றனர், அத்தயக்கம் நியாயமானதே. நம் முன்னோர் யாரிடமும் கடன் பெறாமல் ‘கூகை’ என்றது போல, குரலைக் கேட்டு வைத்த பெயர்கள் வெவ்வேறு தேசங்களில் தாமாகவே ஒத்து அமையக்கூடும்.

எனினும் ‘உக்லா’வின் நடுவே ஆந்தையின் குரலில் இல்லாத ககரம், கங்கையின் முதலெழுத்தைப் போல ஒலிப்பது, எங்கிருந்து வந்தது? பூர்வ ஜெர்மானிய மொழியில் அவ்விடத்தில் இரட்டை வகரம் இருந்ததென்றும், வடதேசத்துக் கிளையில் அது இறுகிக் ககரம் பெற்றதென்றும் கூறுவர். முட்டைக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘எக்’ என்பதும், இரட்டை யகரம் அவ்வாறே இறுகிய வடதேசத்துச் சொல்லை அவர்கள் கடனாகப் பெற்றதுதான். டென்மார்க்கிலோ, எழுத்தில் நிற்கும் ககரம் பேச்சில் கரைந்து ‘ஊலெ’ என்றாகிவிட, ஆந்தையின் பழைய குரல் மீண்டும் கேட்கிறது. இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் பிரியமான பகுதி இதுவே.

மராட்டியர் ஆந்தையைப் பொதுவாகக் ‘குபட்’ என்பர். சிறிய புள்ளி ஆந்தை ‘பிங்களா’. விடியுமுன் வீடு வீடாகச் சென்று, அப்பறவையின் பாஷை அறிந்தவராய்க் குறி சொல்லும் பிங்களா ஜோஷியரும் அப்பெயராலேயே அறியப்படுகின்றனர். பெயர் வைக்கும் அளவுக்கு அக்குரலைக் கூர்ந்து கேட்ட மனிதர்களே அதை அபசகுனமென்று அஞ்சியதும், தீபாவளியை ஒட்டி மாந்திரிகத்துக்காக ஆந்தைகளைக் கொல்வதும் எனக்குப் பெருந்துயரம் தருகின்றன. புனே ஜில்லாவைச் சேர்ந்த பிங்கோரி கிராமத்தில் ஈலா பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் 2018-இல் ஆந்தைத் திருவிழாவைத் தொடங்கி, வயல் எலிகளைத் தின்று பயிரைக் காக்கும் பட்சி இதுவென்று பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவியங்களாலும் பாட்டுகளாலும் எடுத்துச் சொல்லத் தலைப்பட்டது.