உங்களுக்குத் தெரியுமா? லண்டனில் இல்லாதது ராயபுரத்தில் இருக்கிறது!

லண்டன் சென்று வழிகாட்டியோடு ஊர் பார்ப்பவர்கள் யூஸ்டன் நிலையத்துக்கும் போவதுண்டு. ஆனால் 1837இல் திறக்கப்பட்ட பழைய கட்டடத்தை அங்கே தேடக்கூடாது. அதன் புகழ்பெற்ற கல் வளைவை 1960களின் தொடக்கத்திலேயே இடித்துவிட்டார்கள்.

சென்னையின் மணலிக்காரர்களுக்கு அந்த ஏமாற்றம் இல்லை. டேங்கர் லாரிகளுக்கு வழிவிட்டு, தண்டையார்பேட்டையைத் தாண்டினால் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தூரம் சுமார் 100 கிலோமீட்டர். நாட்டின் முதல் ரயில் 1853இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது உண்மைதான். ஆனால் அந்த இரு ஊர்களின் ஆதி நிலையக் கட்டடங்களும் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையம் நம் ராயபுரம்தான். உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த முகப்பைப் பார்க்காமலே மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்தான் அதிகம்!

ஒரு நாள் கையில் இருந்தால் மற்றவற்றையும் பார்த்துவிடலாம்: 1873இன் சென்ட்ரல், 1908இன் எழும்பூர், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம்.

இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பல்சக்கரம் பிடித்து மலையேறும் ஊட்டி ரயில், 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவை முதலில் முடித்துவிடுங்கள்.