பரீட்சையைப் பிற்போடலாமா?

எம்மிடம் சாதாரணதர வகுப்பில் தமிழ் கற்று, பின்னர் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, இன்று ஆங்கு வைத்தியக் கல்லூரியொன்றிற் பயிலும் மாணவனொருவன் அண்மையிற் கடிதம் வரைந்திருந்தான். “சேர், பரீட்சைக்கு இன்னும் நான்கு கிழமைகளே உள்ளன. பிற்போடட்டுமா?” என்பதே அதன் சாரம். வைத்தியம் அறியாத தமிழாசிரியனை வினவியது வியப்பே. எனினும், பரீட்சைக்கஞ்சும் மாணவரை இருபதாண்டுகளாகக் கண்டுவரும் உரிமையால் விசாரித்தறிந்தோம். அங்கு செல்ல எண்ணும் எம் மாணவர்க்கும் இது பயன்படுமென நம்பி ஈண்டு எழுதுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வைத்தியத் தொழில் புரிய விழைவோரிற் பெரும்பாலோர் மூன்று படிகள் கொண்ட அனுமதிப் பரீட்சையில் சித்தியெய்துதல் வேண்டும். பிறநாட்டுப் பட்டதாரிகளுக்கும் இதுவே வழி. முதற்படி உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல் முதலிய அடிப்படை விஞ்ஞானங்களைச் சோதிப்பது. ஒரே நாளில், எட்டு மணி நேரத்துள், 280 வரையான வினாக்கள்! ஆங்குள்ள மாணவர் பலர் நோயாளர் விடுதிப் பயிற்சிக்குச் செல்லுமுன் இதற்குத் தோற்றுவர். ஆதலின் இது பிந்தின் பயிற்சியும் பிந்தலாம்.

முன்னாளில் இப்படிக்கு மூவிலக்கப் புள்ளி வழங்கப்பட்டது. பயிற்சி வைத்தியரைத் தெரிவோர் அதனை நுணுகி நோக்கினர். எனவே, இன்னும் சில புள்ளிகளுக்காகப் பிற்போடுவதிற் பொருளிருந்தது. 2022 ஜனவரி 26 முதல் எழுதுவோர்க்குச் சித்தி, சித்தியின்மை என்ற முடிவு மட்டுமே அறிவிக்கப்படுகின்றது. ஆகவே, எல்லாப் பக்கங்களையும் மீண்டுமொருமுறை புரட்டவேண்டுமென்னும் ஆசை பிற்போடுதற்குத் தக்க காரணமன்று. அந்நேரத்தைப் புள்ளி வழங்கப்படும் இரண்டாம் படிக்குச் செலவிடுதல் நன்று.

ஆயின், தவறினாலோ அது பதிவேட்டில் நிலைத்துவிடும். பின்னர் சித்தியெய்தினும் தெரிவோர் கண்ணிற் படும். ஒரு படிக்கு நான்கு முறைக்கு மேல் தோற்றவும் இயலாது. தவறக்கூடும் என்பதற்குச் சான்றிருப்பின் பிற்போடுதல் கோழைத்தனம் ஆகாது.

சான்று எங்ஙனம் பெறுவது? பரீட்சையை ஆக்கும் தேசிய வைத்தியப் பரீட்சகர் சபையே மாதிரிப் பரீட்சைகளையும் நடாத்துகின்றது. ஒரு கிழமைக்குள் எழுதின் சித்தியெய்தும் வாய்ப்பு எவ்வளவென அதன் அறிக்கை கூறும். ஒன்றை மட்டும் நம்பலாகாது. தலைவலியோடு எழுதிய நாளும் உண்டன்றோ? முன்பு கண்ட வினாக்களையே மீண்டும் செய்து மகிழ்வதும் பயனற்றது. அங்கே விடையிறுப்பது ஞாபகமேயன்றி அறிவன்று. (எம் வகுப்பிலும் பழைய வினாத்தாளால் ஏமாந்தோர் பலர்!)

திகதியை மாற்றுவதற்கும் வரையறையுண்டு. அனுமதிப் பத்திரம் பொதுவாக மூன்று மாத காலத்துக்கே செல்லும். பரீட்சை நாள் நெருங்கியபின் மாற்றினாற் கட்டணமும் செலுத்த நேரும்.

எம் மாணவனுடைய முதல் மாதிரிப் பரீட்சை சித்தியெல்லைக்குக் கீழே. இரண்டாவது எல்லையை ஒட்டியே. இடையில் பாட்டியார் மறைந்த துயரால் பல இரவுகள் உறங்கவில்லையென்றும் எழுதியிருந்தான். “பரீட்சைக்குப் பத்து நாள் முன்னர் மூன்றாவதை எழுது. அதுவும் தேறாவிடின் பிற்போடு. ஆயின், கிடைக்கும் கிழமைகளில் எப்பாடங்களைப் படிப்பாய் என்பதை முதலில் தாளிற் குறித்துக்கொள்” என்று பதில் விடுத்தோம்.

அவனிடமிருந்து ஈரடி மடல் வந்தது: “மூன்று கிழமை பிற்போட்டேன், சேர். மருந்தியலும் நுண்ணுயிரியலும்.” இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும்வரை பெறுபேறு வந்திலது.