நாய் தின்ற எழுத்தும் நாகாலாந்தின் ஆங்கில வகுப்பும்

புது தில்லி: கல்வி மொழி குறித்து நாடாளுமன்றத்தில் விவாதம் எழும்போதெல்லாம் தாய்மொழியா, ஆங்கிலமா என்று அவை இரண்டுபடுவது வழக்கம். இந்தக் கேள்விக்குள் எளிதில் அடங்காத மாநிலம் நாகாலாந்து. 1963-ல் தனி மாநிலமான அது, 1967-ல் ஆங்கிலத்தையே ஆட்சிமொழியாக்கிக் கொண்டது. வீட்டில் ஆவோ, அங்காமி அல்லது கொன்யாக், சந்தையில் நாகாமிய மொழி, பள்ளியிலோ ஆங்கிலம்.

நாகர்களின் சமய, சமூக வழக்கங்களுக்கு அரசியல் சட்டத்தின் 371-ஏ பிரிவு காப்பளிக்கிறது. அவை தொடர்பான நாடாளுமன்றச் சட்டம், மாநிலப் பேரவை தீர்மானித்தாலன்றி அங்கு செல்லாது. ஆனால் பாட்டி சொன்ன கதையைப் பேரவைத் தீர்மானத்தால் காக்க இயலாது. அப்பொறுப்பில் ஒரு பங்கு, விந்தையாக, ஆங்கில வகுப்பின் மீது விழுகிறது.

ஆவோ நாகரிடையே ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் அவர்களிடமும் எழுத்து இருந்தது. அதனைத் தோலில் பொறித்துச் சுவரில் மாட்டியிருந்தனர். நாய் ஒன்று இழுத்துத் தின்றுவிட்டது. அன்று முதல் யாவற்றையும் நினைவிலேயே சுமக்க நேர்ந்ததாம். புலி, ஆவி, மனிதன் மூவரும் ஒரு தாய் மக்கள் என்ற கதையும் நாகர் பலரிடம் வழங்குகிறது.

இவற்றைக் கேட்டு வளர்ந்த மாணவரைச் சொந்தமாக ஒரு நாட்டுப்புறக் கதை எழுதச் சொல்வது சிறந்த ஆங்கிலப் பயிற்சி. ஆசிரியர் பெயரற்றதே நாட்டுப்புறக் கதை. அதைச் 'சொந்தமாக' எழுதுவது முரண்தான். ஆயினும் கதையின் கட்டமைப்பு மாணவருக்கு முன்பே தெரியும். மூன்று முறை திரும்பும் வாக்கியமும், பேசும் விலங்கும், இறந்தகால வினையும் தாமாகவே வந்து சேரும். முதலில் வீட்டு மொழியில் குழுவாகப் பேசி, 'ஏன்' என்றொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பிறகே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவது நலம். பிழைதிருத்தம் கடைசியில். நிகரான ஆங்கிலச் சொல் இல்லாத இடத்தில் ஊர்ச்சொல்லே நிற்கட்டும்; அதைச் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர் கதையையும் சேர்த்தே அடிக்கிறார்.

இதற்கு முன்னோடியும் உண்டு. ஷில்லாங்கில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த தெம்சுலா ஆவோ, தம் மக்களின் வாய்மொழி மரபை ஆங்கிலத்திலேயே நூலாக்கினார், கதைகளும் எழுதினார். 2013-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அவர், 2022-ல் மறைந்தார்.

வீட்டு மொழியை வகுப்பின் வளமாகக் கருத வேண்டுமென 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவும், 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகின்றன. தடை தேர்வில் இருக்கிறது. கதை எழுதும் கேள்விக்குத் தொடக்க வரியையும் குறிப்புச் சொற்களையும் பெரும்பாலும் வினாத்தாளே தந்துவிடுகிறது. உரைநூலில் மனப்பாடம் செய்த கதை அங்கே மதிப்பெண் பெறும். புலியை அண்ணன் என்றழைக்கும் கதையை எந்த விடைக்குறிப்பைக் கொண்டு திருத்துவது?