உஷார்! சூட்கேஸுக்குள் ஒரு தோட்டாப் பட்டறை

போன மாதம் அக்கா மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அமெரிக்காவில் எங்கோ ஒரு சுடுதளம். மேசை விளிம்பில் இறுக்கிய சின்ன இரும்புக் கருவி ஒன்று. சுட்டு முடித்த காலித் தோட்டாவை அதில் செருகி, பிடியை இழுத்து இழுத்துப் புதுத் தோட்டாவாக்குகிறார் ஒருவர். ஐந்து சுடுகிறார், குறியட்டையைப் பார்க்கிறார், வெடிமருந்தின் அளவைச் சற்றே மாற்றி மறுபடி ஐந்து. அந்த இடத்திலேயே செய்து, அந்த இடத்திலேயே சோதனை.

"மாமா, மொத்தமும் ஒரு டிபன் கேரியர் சைஸ்தான். டிசம்பர்ல அந்தமான் போறோம்ல, அங்க ஆளில்லாத பீச்சா பாத்து..."

அதற்கு மேல் நான் அவனைப் பேச விடவில்லை.

பையன் நல்லவன். தாத்தா காலத்து பாயிண்ட் 315 ரைபிள் ஒன்று உரிமத்தோடு அவன் பெயருக்கு வந்திருக்கிறது. தோட்டா விலை அதிகம், வருடத்துக்கு இத்தனைதான் என்று உரிமத்திலேயே வரம்பு வேறு. நாமே நிரப்பிக்கொண்டால் என்ன என்று யோசித்திருக்கிறான். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பத் தனி உரிமம் வேண்டியதில்லை. வீடியோவில் வருபவர் அதனால்தான் சிரித்துக்கொண்டே செய்கிறார். அதே கருவி இந்தியாவில் ஒருவர் பையில் இருந்தால் சிரிக்க எதுவும் இல்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். 'தோட்டா' (அம்யூனிஷன்) என்பதற்கு அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. குண்டு, ராக்கெட் என்று அடுக்கிக்கொண்டே போய், தோட்டாவின் பாகங்களும் தோட்டா செய்யும் இயந்திரமும் அதில் அடக்கம் என்கிறது. அதாவது ஒரு துளி மருந்து இல்லாமல், ஒரு குண்டும் இல்லாமல், துடைத்து எண்ணெய் போட்டு வைத்த வெறும் கருவிகூடச் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 10ஆம் பிரிவின்படி இறக்குமதிக்கு ஒரு உரிமம் வேண்டும். செய்யவும் சோதித்துப் பார்க்கவும் 5ஆம் பிரிவின்படி வேறொரு உரிமம். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமத்தைக் காட்டி இந்த இரண்டையும் சமாளிக்க முடியாது.

தண்டனையைக் கேட்டால் தலை சுற்றும். 2019 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் தோட்டா தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு. மேலே போனால் ஆயுள் தண்டனை, கூடவே அபராதம். பத்துத் தோட்டா செய்தேன், பொழுதுபோக்குக்குச் செய்தேன் என்று சொல்லி அந்த ஏழு ஆண்டை ஆறாக்க நீதிபதிக்கே வழி கிடையாது.

"ஏர்போர்ட்ல ஒரு புல்லட் மாட்டினவங்கள கோர்ட்டு விட்டுடுதே மாமா" என்றான். உண்மைதான், விட்டிருக்கிறார்கள். பையின் மூலையில் எப்போதோ கிடந்த ஒற்றைத் தோட்டா, அது பயணிக்கே தெரியாமல் இருந்தது என்றால், அறிந்து வைத்திருந்ததாகக் கொள்ள முடியாது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. சட்டத்தின் 45ஆம் பிரிவிலும் ஒரு சின்ன சன்னல் திறந்திருக்கிறது: சேர்த்துப் பயன்படுத்த மற்ற பாகங்கள் இல்லாத, அற்பமான ஒரு பாகத்துக்கு விலக்கு உண்டு. இந்த இரண்டு வாதத்தையும் தோட்டா நிரப்பும் கிட் ஒன்றாகச் சாப்பிட்டுவிடுகிறது. அச்சும் தராசும் காலிக் கூடுகளும் ஒரே பெட்டியில் வரிசையாக இருக்கும்போது எதை 'மற்ற பாகம் இல்லாதது' என்பீர்கள்? எதைத் தெரியாமல் வைத்தேன் என்பீர்கள்?

இதில் அந்தமான் வேறு.

சென்னையிலிருந்து அங்கே போக வானம், கடல் என்று இரண்டே வழி. இரண்டிலும் பைகளைச் சோதிக்காமல் விடமாட்டார்கள். உரிமம் காட்டி, முன்கூட்டியே அறிவித்து, விமான நிறுவனமும் ஒப்புக்கொண்டால் 5 கிலோவுக்கு மிகாமல் விளையாட்டுத் தோட்டாவைச் சரக்குப் பையில் அனுப்ப சர்வதேச விமான விதிகளில் இடமிருக்கிறது. ஆனால் தனியாக மருந்து, தனியாக அதைப் பற்றவைக்கும் பிரைமர் என்றால் கைப்பையிலும் இல்லை, சரக்குப் பையிலும் இல்லை. கப்பலில் போகலாமே என்று யாராவது சொன்னால், வெடிமருந்துக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது என்று சொல்லுங்கள். இறங்கும் இடமும் சாதாரண ஊரல்ல. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் விமான நிலையத்தை ஒட்டியே கடற்படையின் உத்க்ரோஷ் தளம். முப்படைகளுக்கும் சேர்த்து நாட்டில் முதன்முதலாக அமைந்த கூட்டுக் கட்டளையகம் 2001 முதல் இங்கேதான் இயங்குகிறது. அங்கே போய் "பீச்சில் சுட்டுப் பார்க்கக் கொண்டுவந்தேன்" என்று விளக்கம் சொல்வதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் துப்பாக்கி உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் மெரினாவைத் தாண்டிய உடனே அது வெறும் காகிதம்.

  

சரி, சட்டத்தை விடுங்கள், எனக்கு எல்லா உரிமமும் இருக்கிறது என்றே ஒருவர் வந்தாலும் கடற்கரையில் இந்த வேலை ஆகாது. மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், ஒரு குன்றிமணியில் பாதி. நகைக்கடையில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நிறுக்கும்போது மின்விசிறியையும் நிறுத்துவார்கள், பார்த்திருப்பீர்கள். அங்கே தவறினால் காசுதான் நஷ்டம். இங்கே கடல்காற்று அடிக்கிற மேசையில், மடக்குத் தராசில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதே குன்றிமணிக் கணக்கு. காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம் இருக்கும்; நவீன ரைபிளின் அறைக்குள் அது 60 ஆயிரத்தைத் தொடும், சுடுபவரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். பேச்சுக் கொடுத்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதே கூட்டில் இரண்டாம் தரம் மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடிகுண்டாகிவிடும். மருந்து விழாமல் போனாலும் நிம்மதி கிடையாது. பிரைமரின் உந்தலில் குண்டு பாதிக் குழலில் சிக்கி நிற்கும். சத்தம் குறைவாக வந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். தாத்தா காலத்து இரும்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஈரம் இன்னொரு எமன். போர்ட் பிளேரில் இரண்டு பருவமழையும் பெய்யும். வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர். உப்பு ஜாடி தானாகவே கசியும் ஊர். காற்றில் திறந்து வைத்த மருந்து ஈரம் குடித்தால் எரியும் வேகம் மாறும். சென்னையில் ஏ.சி. அறையில் சரியாக வந்த கணக்கு அங்கே அப்படியே வராது. வராததைச் சரிக்கட்ட அளவைக் கூட்டுவார் நம் ஆள். அந்த மருந்து டப்பா காய்ந்த ஊருக்குத் திரும்பி வந்ததும் அதே அளவு அவரையே திருப்பி அடிக்கும்.

நம் ஊர் மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிக்குக் கருமருந்தும் பால்ரஸும் போட்டுக் கெட்டித்துப் பழகிய பெரியவர்கள் உண்டு. உரிமமில்லாத அந்தத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை தண்டோரா போடுவதும் உண்டு. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, மருந்துதானே என்று நினைத்து ரைபிள் தோட்டாவில் போடும் புகையில்லா மருந்தை யாரும் தொட்டுவிடாதீர்கள். கருமருந்து அளந்த மூடியால் இதை அளந்தால் குழல் தாங்காது.

ஆளில்லாத பீச் என்பதே பொய். தண்ணீரில் பட்ட குண்டு தட்டையான கல்லைப் போலத் தத்திப் போகும். அந்தப் பக்கம் மீன்பிடிக்கும் டிங்கி இருக்கும். 2021 டிசம்பர் 30ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த முறையான சுடுதளத்திலிருந்து தப்பிய குண்டு, பாட்டன் வீட்டிலிருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் போராடி அந்தப் பிள்ளை போய்விட்டான். பயிற்சிக்கென்றே அமைத்த தளம், ஆலையில் செய்த தோட்டா, பயிற்சி பெற்ற கைகள், அப்படியிருந்தும். கவனக்குறைவாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட, என்று அதே 2019 திருத்தம் சொல்கிறது.

தீவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1942 மார்ச்சிலிருந்து 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்த கரை அது. கார்பின்ஸ் கோவ் பக்கம் அவர்களுடைய பதுங்கு குழிகளை இன்றும் பார்க்கலாம். மண்ணில் பச்சை பிடித்த பழைய தோட்டா, துருப்பிடித்த உருளை ஏதாவது கண்ணில் பட்டால் நினைவுப்பொருளாகப் பைக்குள் போடாதீர்கள். தொடாமல் விலகி நின்று 112ஐ அழையுங்கள். கிட் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர் அதைக் கடலில் வீசவும் வேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம், வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பிறகு அவரோடு சேர்ந்து உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குப் போங்கள்.

அக்கா மகன் அன்றிரவே கிட்டுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்துவிட்டான். பணம் திரும்பி வர ஏழு நாள் ஆகுமாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான். ஏழு நாள்தானே என்றேன்.