மீன் பிடித்த கப்பல்கள் வெடி பிடித்தன!

கடலில் வலை வீசினால் மீன் கிடைக்கும். வெடிகுண்டைத் தேடிக் கடலுக்குப் போன மீனவர்களும் உண்டு! அவர்கள் பிரிட்டன் நாட்டு மீனவர்கள்.

பிரிட்டனைச் சுற்றிலும் கடல். உணவில் பெரும் பகுதி கப்பலில்தான் வரவேண்டும். 1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. கப்பல் வரும் வழியில் ஜெர்மனி கண்ணிவெடிகளைப் போட்டது.

கண்ணிவெடி என்பது வெடிமருந்து நிரப்பிய பெரிய இரும்பு உருண்டை. கடலடியில் கிடக்கும் பாரத்தோடு அதைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்து நிற்கும். கப்பல் மோதினால், அவ்வளவுதான்!

மீனவர் வந்தனர்

இதை அகற்றுவது யார்? 1907-லேயே பெரஸ்போர்டு என்ற கடற்படைத் தளபதி வழி சொல்லியிருந்தார். 'டிராலர்' என்னும் மீன்பிடி கப்பல்களே அதற்கு ஏற்றவை என்றார். டிராலரில் கனத்த வலையை இழுக்கும் எந்திரம் இருக்கிறது. கொந்தளிக்கும் கடலிலும் அது தாங்கும். மீனவர்களுக்கோ கம்பிக் கயிறு இழுப்பது கைவந்த கலை!

1910-ல் மீனவர்களைக் கொண்டு தனிப் பிரிவு அமைத்தார்கள். போர் வந்ததும் வலையை இறக்கிவிட்டுப் பீரங்கியை ஏற்றினார்கள்.

இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாகப் போகும். நடுவில், தண்ணீருக்கு அடியில் நீண்ட கம்பிக் கயிறு. அது கண்ணிவெடியின் கம்பியை உரசி அறுக்கும். வெடி மேலே மிதந்து வரும். உடனே துப்பாக்கியால் சுடுவார்கள்!

ஆனால், வெடியைத் தேடிப்போகும் கப்பலே அதன்மீது மோதிவிடுவதும் உண்டு. அப்படி மூழ்கிய டிராலர்கள் பல.

காந்த வெடி

1939-ல் இரண்டாம் உலகப்போர். மீனவர்களுக்கு மீண்டும் அழைப்பு! இம்முறை ஜெர்மனி காந்த வெடியைக் கொண்டுவந்தது. மோதவே வேண்டாம், இரும்புக் கப்பல் மேலே சென்றாலே வெடித்துவிடும்.

1939 நவம்பர் 23-ந் தேதி சூபரினஸ் கடற்கரைச் சேற்றில் ஒரு காந்த வெடி அகப்பட்டது. உயிரைத் திரணமாக மதித்து, கடற்படையினர் அதைக் கழற்றிப் பார்த்தார்கள். ரகசியம் தெரிந்தது! பிறகு, கப்பலுக்குப் பின்னால் மின்சாரக் கம்பியை இழுத்துச் சென்று, காந்த வெடிகளைத் தூரத்திலேயே வெடிக்கச் செய்தார்கள்.

போர் முடிந்தது. தப்பிய டிராலர்கள் பல மறுபடியும் மீன் பிடிக்கப் போயின. திரும்பாதவர்களுக்கு லோஸ்டாப்ட் நகரில் 1953-ல் நினைவுச்சின்னம் திறந்தார்கள். கண்ணிவெடி அகற்றியும் காவல் புரிந்தும் மாண்ட சுமார் 2,400 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன.

அவர்களுக்குக் கல்லறை இல்லை. சோறு போட்ட கடலே அவர்களுக்குக் கல்லறை!