ஐந்து நாளுக்கும் அறுபது நாளுக்கும் நடுவே

கணவனிடம் அடிபட்ட பெண் எந்த நேரத்திலும் 181-ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டில் இந்த எண் 2018 டிசம்பரில் செயல்படத் தொடங்கியது. அங்கிருந்து அவரை மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். சிகிச்சை, மனநல ஆலோசனை, காவல் துறை உதவி, வழக்கறிஞர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்று 2015-ல் மத்திய அரசு தொடங்கிய 'சகி' மையம்தான் அது. பிள்ளைகளோடு அங்கேயே தங்கவும் செய்யலாம். ஆனால் ஐந்து நாள்தான்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் மனு கொடுத்தால், முதல் விசாரணையை வழக்கமாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அது மாதக்கணக்கில் இழுக்கிறது. ஆறாம் நாள் இரவு அந்தப் பெண் எங்கே போய்ப் படுப்பார்? தங்கும் இல்லங்களைப் பற்றிய பேச்சை நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். மனம் இளகித்தான் பெண்கள் கணவனிடம் திரும்புகிறார்கள் என்று ஊர் நினைக்கிறது. போக்கிடம் இல்லாமல் திரும்புகிறவர்கள் பலர்.

தாய் வீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது. நாலு நாளில் அண்ணியின் பேச்சு குறைந்துவிடும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று பெற்றவளே பஸ் ஏற்றி அனுப்புவாள். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாலும், மனு ரசீது கொடுத்து, இருவரையும் உட்காரவைத்துப் பேசி, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்பிவிடுவது வழக்கமாகவே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும், அடியோ பாலியல் வன்முறையோ பட்ட பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. மற்றவர்களின் காயத்தை மருத்துவமனைச் சீட்டில் தேடினால், 'படியில் வழுக்கி விழுந்தது', 'ஸ்டவ் வெடித்தது' என்றுதான் இருக்கும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 2001 முதல் சென்னையில் இயங்கும் பி.சி.வி.சி. அமைப்பு, தங்கும் இல்லத்தோடு நின்றுவிடாமல் தீக்காயப்பட்ட பெண்களுக்கென்றே தனியாக வேலை செய்கிறதென்றால், அதற்கான தேவை அவ்வளவு பெரியது.

நல்ல தங்கும் இல்லத்தின் வாசலில் பெயர்ப்பலகை இருக்காது. முகவரி கணவனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கதவு தட்டப்படும். வந்தவுடன் செல்போனில் இருப்பிடம் காட்டும் வசதியை அணைக்கச் சொல்வது இதனால்தான். முதல் சில நாட்கள் பெரிதாக எதுவும் கேட்காமல் தூங்கவிடுவதே நல்லது. பிறகு காகித வேலை ஆரம்பிக்கும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளையின் டி.சி. என ஒவ்வொன்றும் அந்த வீட்டு பீரோவுக்குள் இருக்கும். நைட்டியோடு ஓடி வந்தவரிடம் எந்த அடையாள அட்டை இருக்கப் போகிறது?

போலீஸில் புகார் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று சில இடங்களில் சொல்வதுண்டு. அது தவறு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ம் ஆண்டு விதிகளின்படி, குடும்ப வன்முறை அறிக்கை முன்பே பதிவாகவில்லை என்ற காரணத்துக்காக எந்தப் பெண்ணுக்கும் அடைக்கலம் மறுக்கக் கூடாது. அவர் விரும்பினால், அங்கே தங்கியிருக்கும் செய்தியைக் கணவனிடம் சொல்லவும் கூடாது. இந்த விதியை இல்லத்துக் காவலாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இரவு 11 மணிக்குக் கதவைத் திறப்பவர் அவர்தானே.

பல பெண்கள் தங்கும் இல்லத்துக்கே வராமல் போக ஒரு காரணம் மகன். மீசை அரும்பத் தொடங்கிய பையனைப் பெண்கள் தங்கும் இடத்தில் சேர்ப்பதில்லை. அவனுக்குத் தனி விடுதி பார்க்கச் சொல்வார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் விழுந்து அடியைத் தாங்கியவன் பெரும்பாலும் அவன்தான். அவனை விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள்? ஒரு தாயும் அவள் பிள்ளைகளும் சேர்ந்திருக்கத் தனி அறைகள் கட்டுவது அரசுக்கு முடியாத காரியம் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டிய, போனை வாங்கிப் பூட்டிவைக்கிற இல்லங்களும் இருக்கின்றன. பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். கணவனிடம் பத்து வருடம் அனுமதி கேட்டே வாழ்ந்தவர் வார்டனிடமும் அதையே கேட்க நேர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர் அடிபட்ட பெண்தானா என்பதும் ஒரு கேள்வி. 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-வது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. 19-வது பிரிவின்படி, கணவனையே வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அல்லது இவருக்கு வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தால் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில் சொன்னது பல வருடம் குறுக்கே நின்றது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது சரியல்ல என்று தீர்ப்பளித்தது. மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவைக் கணவன் மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனுவை வழக்கறிஞர் இல்லாமலே மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலம் கொடுக்கலாம். அதில் பலருக்குத் தெரியாத ஒரு கோரிக்கையையும் சேர்க்கலாம்: சீதனமாக வந்ததையும் தன்னுடைய பொருள்களையும் திருப்பித் தரச் சொல்லுமாறு கேட்பது. எழுத உட்காரும்போது நகையோடு நிறுத்திவிடாமல், தையல் மெஷின், பிள்ளைகளின் மார்க் ஷீட், அம்மா வாங்கிக் கொடுத்த கிரைண்டர் என்று நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதிவிட வேண்டும்.